பாலத்தின் கால்கள் சேர்ந்து ஆடுவதில்லை
(ஈரோட்டில் பொறியாளர் தின விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மழையில் நனையாமல் சால்வையைக் காத்துவந்து எனக்குப் போர்த்திய கல்லூரித் தாளாளர் அவர்களே, நான் எங்கே தவறுவேன் என்று முன்வரிசையில் காத்திருக்கும் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்களே, எவ்வளவு அழைத்தும் மேடையேற மறுத்துவிட்ட என் ஆசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். பாலத்துக்கும் கால் உண்டு. நிலநடுக்கத்தில் எல்லாக் கால்களும் ஒரே மாதிரி ஆடும் என்றுதான் வழக்கமாகக் கணக்குப் போடுகிறோம். வீட்டுக்குச் சரி, நீண்ட பாலத்துக்கு ஒத்துவராது. காரணங்கள் மூன்று. நொடிக்கு 2 கிலோமீட்டர் ஓடும் அலைக்கு, 1 கிலோமீட்டர் பாலத்தின் அக்கரை சேர அரை நொடி வேண்டும். வழியில் அலை சிதறி உருமாறுவது இரண்டாவது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். ஒரு காலுக்குப் பாறை, அடுத்ததற்கு மணல் என்று மண் மாறுவது மூன்றாவது.

எங்கள் ஊர் மாரியம்மன் சப்பரத்தை ஒருமுறை நான்கு பேர் தூக்கிவந்தார்கள். பின்னால் மாமனும் மச்சானும். முன்னால் பங்காளிகள் இருவர். வரப்புத் தகராறில் அவர்களுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. வாய்க்கால் மேட்டில் பறையின் அடி மாறியது. பின்னவர்கள் மேட்டிலேயே ஆட்டம் போட, முன்னவர்களில் ஒருவர் சேற்றில் இறங்கிவிட்டார். ‘நில்லு’ என்று மற்றவர் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வார்? மனைவியைக் கூப்பிட்டு, “அந்த ஆளை நிற்கச் சொல்லம்மா” என்றார். அந்த அம்மாளோ மாவிளக்கோடு கூட்டத்தின் கடைசியில். சேதி போய்ச் சேருமுன் தண்டு தோளைவிட்டு நழுவிவிட்டது. பூசாரி பாய்ந்து பிடித்ததால் அம்மன் தப்பினாள். தேங்காய்க் கூடை வாய்க்காலோடு போயிற்று.

தண்டு முறியவில்லை, கவனியுங்கள். தூண்கள் தம்முள் விலகும்போது, பாலத்தைத் தாங்கும் நீண்ட உத்தரமான கர்டரும் முறியாமலே, தூண் தலையில் தான் உட்கார்ந்திருக்கும் இருக்கையைவிட்டு விழும். 1995-இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் நிஷினோமியா பாலத்தின் அணுகு பகுதியில் ஒரு கண், அதாவது இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி, அப்படித்தான் விழுந்தது. கட்டுமானத்தில் இருந்த அகாஷி தொங்குபாலத்தின் கோபுரங்கள் விலகி, 1990 மீட்டர் நடுக்கண் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீண்டுவிட்டது. ஆகவே இருக்கையை அகலமாக வையுங்கள். கர்டர்களைக் கம்பிவடத்தால் பிணையுங்கள். தூணோடு சேர்த்து வார்த்தால் நழுவாது. ஆனால் தூண்கள் விலகுவதாலேயே உள்ளே விசை ஏறும். அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

எவ்வளவு விலகும்? இங்கேதான் நான் வழக்கமாகப் பிடிக்கும் பிடிவாதம்: கருவி பதித்து அளந்து பார்க்க வேண்டும். தைவானின் லோடுங்கில் 1980-இல் 37 நில அதிர்வுக் கருவிகளை வட்ட வட்டமாகப் பதித்தார்கள். பக்கத்துப் பக்கத்து நிலங்கள் வேறுவேறாக ஆடுவதை அவை பதிவு செய்தன. நம் கோவையில் 1900 பிப்ரவரி 8-இல் ரிக்டர் 6-ஐ ஒட்டிய நிலநடுக்கம் வந்தது. அதை இங்கே அப்படிப் பதிய ஒரு கருவியும் இருக்கவில்லை. இன்று அவிநாசிச் சாலையில் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டிவிட்டோம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று மறுபடியும் சொன்னால் கோபிக்காதீர்கள்.

நுழைவாயிலில் வளைவு கட்டாத கல்லூரி நம் பக்கம் உண்டா? அந்த வளைவுக்குப் பக்கத்தில் ஒரு நில அதிர்வுமானி பதியுங்கள் என்றுதான் கேட்கிறேன். காவிரிக் கரையில் நான்கு, பவானிக் கரையில் நான்கு, மற்றவை நொய்யலுக்கும் அமராவதிக்கும். பராமரிக்க மாணவர்கள் இருக்கிறார்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். இரண்டாவது காரணம் அடுத்த விழாவுக்கு இருக்கட்டும். கருவி கேட்டு அமைச்சருக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் கையெழுத்திடுங்கள். பேனா என்னுடையது; திருப்பி வைத்துவிடுங்கள்.