காற்றடித்தால் கெடும் காந்த அளவீடு

நேயர்களுக்கு வணக்கம்.

பூமியின் காந்தப்புலம் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. நம் நாட்டில் அதன் வலிமை ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் ஒரு சிறிய அலகு). அதற்குமேல் ஓயாத சிறு அசைவுகள். சூரியக் காற்றின், அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களின், தாக்கத்தால் எழும் துடிப்புகள் சில, ஒரு சுற்று முடிய நொடிக்கணக்கில் ஆகும். வேறு சிலவோ பத்து நிமிடம்வரை இழுக்கும். உலகெங்கும் விழும் மின்னல்களோ, தரைக்கும், வானில் உயரே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனமண்டலத்துக்கும் நடுவே நொடிக்கு எட்டு முறைபோல அதிரும் ஓர் அலையை எழுப்புகின்றன. 1952இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஷூமன் கணக்குப் போட்டுச் சொன்ன அலை இது. உடம்புக்கு நல்லது என்று இதன் பெயரில் விற்கும் பொருள்களை விட்டுவிடுவோம். அலை நிஜம், ஆனால் ஒரு நானோடெஸ்லாவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

இதை அளக்க, எளிதில் காந்தமேறும் உலோகத் தண்டின்மேல் மெல்லிய செம்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்று சுற்றுகிறார்கள். புலம் மாறினால் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். பள்ளிக்கூடப் பாடம்தான். மாற்றம் மெதுவாக ஆக ஆக மின்னழுத்தமும் குறையும், அதனால்தான் இத்தனை சுற்று.

சரி, சுருள் தயார். எங்கே வைப்பது? தலைவலியே அங்குதான். ஒரு பாகையை 3,600 கூறு போட்டு, அதில் ஒரு கூறு அளவுக்குச் சுருள் திரும்பினால் போதும், அந்த 40,000இன் ஒரு துணுக்கு உள்ளே புகுந்துவிடும். துணுக்கு என்றாலும் மின்னல் அலையைப்போல 200 மடங்கு! அதனால் சுருளை மண்ணில் புதைக்கிறார்கள். புதைத்தாலும் பக்கத்தில் மரம் இருக்கக்கூடாது. காற்றடித்தால் வேர் அசையும், வேரோடு மண்ணும் அசையும். அப்புறம் 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி, தெருவில் போகும் லாரி, கேட்டின் இரும்புக் கதவு.

இது புதுத் தொல்லை அல்ல. மும்பை கொலாபா ஆய்வகம் 1859 செப்டம்பரில் மாபெரும் காந்தப் புயலைப் பதிவு செய்தது. புலம் 1,600 நானோடெஸ்லா அளவுக்குச் சரிந்தது. அப்படிப்பட்ட இடத்தையே, நகரத்துக்கு மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் அளவீட்டைக் கெடுக்கும் என்றதும் மாற்ற வேண்டியதாயிற்று. கடலுக்கு அப்பால் அலிபாகில், காந்தத்தன்மையற்ற பொருள்களால் கட்டடம் எழுப்பி 1904இல் வேலையைத் தொடங்கினார்கள். ஆனால் கொலாபாவை உடனே மூடவில்லை. 1906வரை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுகொண்டார்கள். பழைய பதிவையும் புதியதையும் ஒரே வரிசையாக இணைத்துப் படிக்க முடிவது அதனால்தான்.