விளையாட்டுக்குச் சொன்னான் சார்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவன் நான். ஒருவன் இன்னொருவனைப் பட்டப்பெயர் சொல்லி ஓட்டுகிறான் என்று புகார் வந்தால், "விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான், விடுப்பா" என்று அனுப்பிவிடுவோம். நானும் அனுப்பியிருக்கிறேன்.

விளையாட்டு எது, கொடுமை எது? நார்வேயில் இதை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளம் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. நாம் கோட்டை விடுவது மூன்றாவதில்தான்.

உடல் பலம் மட்டும் என்றால் ஒரு பி.டி. வாத்தியார் போதும். நம் ஊரில் அந்தப் பலம் பள்ளி வாசலுக்கு வெளியிலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சக மாணவர்கள் சாதியை வைத்துச் சீண்டியதால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். பள்ளியில் விசாரித்தபோது உள்ளதைச் சொன்னார். அன்றிரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு.

அதன்பின், மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லும்படி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது என்ற ஒரு பரிந்துரையைப் பிடித்துக்கொண்டு பெரிய சண்டை நடந்தது. சாமிக் கயிறு கட்டினால் என்ன என்று கேட்டார்கள். தென்மாவட்டங்களில் அந்த நிறம் எந்தச் சாதியைச் சொல்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஒரு பகுதியில் எந்தச் சாதி பெரும்பான்மையோ, அதைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகப் போடக் கூடாது என்றும் அறிக்கை சொல்கிறது. சங்கடமான பேச்சுதான். ஆனால் புகார் சொல்ல வரும் பையன் முதலில் பார்ப்பது மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத்தானே?

அப்புறம், சுற்றி நின்று சிரிக்கும் கூட்டம். பின்லாந்தில் 'கிவா' என்று ஒரு பள்ளித் திட்டம் உண்டு. சீண்டுகிறவனைத் திருத்துவதோடு நிற்காமல், வேடிக்கை பார்க்கிறவர்களையும் மாற்றப் பார்க்கிறது. சிரிக்க ஆளில்லாவிட்டால் ஓட்டுகிறவனுக்கு என்ன சுவாரசியம்? நம் வகுப்பறையிலோ வாய் திறந்தவனுக்குப் 'போட்டுக்கொடுக்கிறவன்' என்று பெயர். இப்போது அந்தச் சிரிப்பு வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தொடர்கிறது.

"எங்க பையன் எதுவும் சொல்றதே இல்ல சார்" என்பார்கள் பெற்றோர். "உன்னை யாராவது கிண்டல் பண்றாங்களா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. "இன்னைக்கு யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு நாளும் பதில் வராவிட்டால், ஐந்தாம் நாள் பள்ளிக்கு ஒரு நடை போய் வாருங்கள். போக முடியாதவர்களுக்கு 1098 இருக்கிறது. குழந்தைகளுக்கான இலவச எண். பிள்ளையே கூப்பிடலாம்.