பூட்டிய பீரோ

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, இந்தப் புழுக்கத்திலும் வந்து உட்கார்ந்திருக்கும் வேலூர் மக்களே, வணக்கம்.

பிள்ளை இணையத்தில் வழி தவறினால் பெற்றோர் கையில் எடுக்க வேண்டியது கண்டிப்பா, பேச்சா? கண்டிப்புதான் என்று எனக்கு முன் பேசிய அண்ணன், நம் கோட்டையைச் சுற்றி அகழி இருப்பதுபோல வீட்டைச் சுற்றியும் ஓர் அகழி வேண்டும் என்றார். நானும் கை தட்டினேன். ஆனால் அண்ணே, கோட்டைக் கதையை முழுசாகச் சொல்லியிருக்கலாம். தாடியை எடு, நெற்றிக் குறியை அழி, புதுத் தலைப்பாகை போடு என்று ஆங்கிலேய அதிகாரிகளிடமிருந்து சிப்பாய்களுக்கு உத்தரவு வந்தது. 1806 மே மாதம் எதிர்த்துக் கேட்டவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. ஜூலை 10 விடியும் முன்பே சிப்பாய்கள் கிளர்ந்தெழ, கோட்டை உள்ளேயிருந்து வெடித்தது. அகழி அப்போதும் இருந்தது.

சரி, என் வீட்டுக்கு வருகிறேன். 2020இல் பள்ளிக்கூடம் மூடியபோது, ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்தவர்கள் நாம்தான். அப்போது என் மகன் ஆறாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு வந்ததும் ராத்திரி போர்வைக்குள் வெளிச்சம். ‘இன்னாடா பண்ற அங்க?’ என்று கத்தி, போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு வாரம் வீடு அமைதி. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவன் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஒருநாள் சோறு போடும்போது அதட்டாமல் கேட்டேன். உடைந்து அழுதான். ஆன்லைன் விளையாட்டில் பழகிய ஒருவன் இவன் படத்தை அசிங்கமாக மாற்றி, ‘பணம் போடு, இல்லன்னா உங்க அம்மாவுக்கே அனுப்புவேன்’ என்று மிரட்டியிருக்கிறான். போர்வைக்குள் பிள்ளை விளையாடவில்லை, கெஞ்சிக்கொண்டிருந்தான். ஏன்டா சொல்லல என்றேன். ‘சொன்னா போனைப் பிடுங்குவ. அதத்தானம்மா செஞ்ச’ என்றான்.

நடுவர் அவர்களே, அந்த மிரட்டல்காரனுக்கு முதல் போட்டுக் கொடுத்தது என் கண்டிப்பு. அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் அவன் சரக்கு. அம்மாவுக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சரக்கு விலை போயிருக்காது.

கோபத்தில் எல்லாவற்றையும் அழிக்கப் போனேன். என் தம்பி தடுத்தான். அழித்தால் போலீசுக்கு எதைக் காட்டுவது? முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம்தான் பிளாக். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பிள்ளைக்கு ஆபத்தென்றால் குழந்தைகள் உதவி எண் 1098. ஆனால் இந்த எண்களெல்லாம் பிள்ளை வாயைத் திறந்த பிறகுதானே உதவும்?

பேச்சு என்றால் கொஞ்சல் என்று எதிரணி கேலி செய்தது. எங்கள் வீட்டில் இப்போது ராத்திரி பத்து மணிக்கு எல்லாப் போனும் கூடத்து அலமாரியில். பேசித்தான் முடிவெடுத்தோம். எல்லாம் என்றால் என் வீட்டுக்காரர் போனும். அதிகம் முரண்டு பிடித்தவர் அவர்தான்.

தெருவில் போய் விளையாடச் சொல்லுங்கள் என்றார் இன்னோர் அண்ணன். மே மாதம், மத்தியானம், வேலூரில்! பிள்ளையைத் திருத்தச் சொன்னால் வற்றல் போடச் சொல்கிறார்.

நாலு நாள் போனில் விளையாடினாலே அடிமை என்று முத்திரை குத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்த விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பது உண்மை. ஆனால் கட்டுப்பாடு போய், படிப்பும் உறவும் கெட்டு, பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். அந்த நிலைக்குப் போன பிள்ளைக்கு பீரோ சாவி என்ன செய்யும்? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. அங்கேயும் மருத்துவர்கள் பிள்ளையை உட்கார வைத்துப் பேசத்தான் செய்கிறார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணி அண்ணன் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். உங்கள் பையன், தான் செய்த தப்பைத் தானாக வந்து உங்களிடம் கடைசியாகச் சொன்னது எப்போது?