ஞாயிற்றுக்கிழமை பைக், திங்கட்கிழமை விமானம்

வணக்கம் நேயர்களே. ராணுவ விமானப் பயிற்சியில் இருக்கும் இளைஞர்கள் லீவு நாளில் எந்த விளையாட்டில் இறங்கலாம், எதில் இறங்கக்கூடாது என்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் விமானி இல்லை, பறக்கிறவர்களின் உடம்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன், அதனால் உடம்பின் பக்கம் நின்றுதான் பேசுவேன். உதாரணங்களை அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்கிறேன், அங்கே இந்த விதிகளில் பெரும்பகுதி யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி வெளியே கிடக்கிறது.

ஃப்ளோரிடாவில் பென்சகோலா என்று ஓர் ஊர். அமெரிக்கக் கடற்படை விமானியாகப் போகிறவர்கள் முதலில் வந்து இறங்குகிற இடம். கரையிலிருந்து சுமார் 39 கிலோமீட்டர் தள்ளிக் கடலடியில் ஒரு விமானம்தாங்கிக் கப்பல் கிடக்கிறது, பெயர் ஒரிஸ்கனி. கொரியாவிலும் வியட்நாமிலும் போர் பார்த்த கப்பல். பின்னாளில் செனட்டரான ஜான் மெக்கெய்ன் 1967-இல் ஹனோய்க்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்ட அன்று இதிலிருந்துதான் கிளம்பினார். 2006 மே மாதம் அதை வேண்டுமென்றே மூழ்கடித்து, மீன் குடியிருக்கட்டும், முக்குளிக்கிறவர்கள் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள், இருபத்துமூன்று இருபத்துநாலு வயதுப் பையன், வாரம் பூராவும் கப்பல் தளத்தில் விமானத்தை இறக்குகிற கனவிலேயே இருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை ஒரு படகு பிடித்தால் அப்படிப்பட்ட ஒரு கப்பலின் கோபுரத்தையே கையால் தொட்டுவிட்டு வரலாம், உச்சி சுமார் 25 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. போகாமல் இருப்பானா?

போகலாம், தடை ஒன்றும் இல்லை. முக்குளித்த பிறகு 24 மணி நேரம் பறக்கக்கூடாது, அவ்வளவுதான். ஞாயிறு மதியம் தண்ணீரில் இறங்கினால் திங்கள் காலைப் பறத்தல் போச்சு. இந்த விதியோடு யாரும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை, ஏனென்றால் காரணம் அவ்வளவு தெளிவானது. 25 மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் இருக்கும் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல மூன்றரை மடங்கு, அந்த அழுத்தத்தில் சுவாசிக்கிற காற்றிலிருந்து நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் போய்க் கரைந்து உட்கார்ந்துகொள்கிறது, மேலே வந்த பிறகு அது மூச்சு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் அது குமிழாக மாறும். மூட்டு வலியோடு போனால் அதிர்ஷ்டம், தண்டுவடத்தில் கை வைத்தால் கால் விளங்காமல் போகலாம்.

சரி, இது கடிகாரம் பார்த்துச் சொல்லக்கூடிய ஆபத்து. பைக், பாராசூட், ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு குதிக்கிற பஞ்சி, பாறை ஏறுதல், கார் பந்தயம், இதற்கெல்லாம் அப்படிக் கடிகாரம் கிடையாது. விழவில்லை என்றால் ஒன்றுமே இல்லை, விழுந்தால்தான் எல்லாம். அமெரிக்க விமானப்படை இவற்றை அதிக ஆபத்துள்ள செயல்கள் என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. நிறையப் பேர் நினைக்கிற மாதிரி அது தடைப்பட்டியல் இல்லை. இதில் இறங்குகிறவர் தன் கமாண்டரிடம் சொல்ல வேண்டும், அதற்கென ஒரு படிவம் இருக்கிறது, எங்கே கற்றுக்கொண்டாய், என்ன பாதுகாப்புச் சாதனம் வைத்திருக்கிறாய், முன் அனுபவம் உண்டா என்று உட்கார வைத்துக் கேட்பார்கள். பைக் என்றால் இன்னும் கறார், பயிற்சி வகுப்பு முடித்த சான்றிதழ் வேண்டும், ஹெல்மெட் முகாமுக்கு வெளியே போனாலும் தலையில் இருக்க வேண்டும். அந்த மாநிலச் சட்டம் ஹெல்மெட் வேண்டாம் என்று சொன்னால்கூட.

ஏன் பைக்குக்கு மட்டும் இவ்வளவு கறார் என்றால், 2008-இல் அமெரிக்க மரீன் படை ஒரு கணக்குப் பார்த்தது. சுமார் ஒரு வருடத்தில் பைக் விபத்தில் செத்த மரீன்கள் 25 பேர், அதே காலத்தில் ஈராக் சண்டையில் செத்தவர்கள் 20 பேர். போர் நடந்துகொண்டிருக்கும்போது! அந்த 25 பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஓட்டியது ஸ்போர்ட்ஸ் பைக். போர்க்களத்திலிருந்து திரும்பி வந்த கையோடு, சேர்த்து வைத்த சம்பளத்தில் வாங்குகிற முதல் பொருள் பல பேருக்கு அதுதான்.

இது எல்லாப் படையினருக்கும் பொது. விமானப் பயிற்சியில் இருக்கிறவனுக்கு மட்டும் ஏன் கயிறு இன்னும் இறுக்கம்? இங்கேதான் என் பாடம் வருகிறது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஸ்காஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு, முந்திரிக்கொட்டை அளவுகூட இருக்காது. கையை ஊன்றிக் கீழே விழுந்தால் முதலில் உடைவது பல நேரம் அதுதான். அதற்கு ரத்தம் போகிற பாதை ஏடாகூடமானது, அதனால் சேர வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில் ஆகும், சரியாகச் சேராமலும் போகும். கணினி முன்னால் வேலை பார்க்கிறவர் கட்டுப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய்விடலாம், விமானத்தின் ஸ்டிக்கைப் பிடிக்க வேண்டியவன் போக முடியாது. முதுகெலும்பில் மயிரிழை விரிசல் இன்னும் மோசம். பயிற்சி விமானத்திலேயே ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறிகிற இருக்கை உண்டு, அதன் பிடியை இழுத்தால் கண் இமைக்கிற நேரத்தில் உடல் எடையைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான விசை முதுகுத்தண்டில் ஏறும், நல்ல முதுகுகளே அதில் நொறுங்கியிருக்கின்றன. அப்புறம் தலை. பைக்கிலிருந்து விழுந்து கொஞ்ச நேரம் நினைவு தப்பியது, எழுந்தான், டீ குடித்தான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் தலையில் அடிபட்டவருக்குப் பிறகு எப்போதோ வலிப்பு வரும் வாய்ப்பு இருக்கிறது, தனியாக ஒரு ஜெட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே அடியின் தீவிரத்தைப் பொறுத்து மாதங்கள், சில நேரம் வருடங்கள் தரையில்.

பயிற்சியோ சுமார் ஒரு வருடம்தான், நாள் தவறாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகிற வகை. இரண்டு வாரம் விட்டால் கை மறந்துவிடும், கற்ற பாடத்தையே மறுபடி பறந்து காட்ட வேண்டும். இரண்டு மாதம் விட்டால் அடுத்த தொகுதியோடு சேர்த்துவிடுவார்கள், அந்தத் தொகுதியில் அவனுக்கென்று ஒரு இருக்கை, ஒரு பயிற்றுநர், ஒரு விமானம் எல்லாம் தேடியாக வேண்டும். பயிற்சி முடித்து விமானிக்கான சிறகுச் சின்னம் வாங்கிய பிறகு விமானப்படையில் பத்து வருடம் பணிசெய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவன் அவன், அதை நம்பித்தான் அரசு பணத்தைக் கொட்டுகிறது. கெட்ட நடத்தையால் தானே வரவழைத்துக்கொண்ட காயம் என்று விசாரணையில் முடிவானால் ஊனத்துக்கான ஓய்வூதியமும் கிடையாது. இதைப் பயிற்சிக்கு வருகிற பையன்களில் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

இதில் ஒரு வேடிக்கை. இதே விமானப்படை கொலராடோவில் நடத்துகிற அகாடமியில் மாணவர்களுக்கு ஒரு பாராசூட் வகுப்பு உண்டு. முதல் குதியே தனியாக, யாரும் கட்டிக்கொண்டு கூடக் குதிப்பதில்லை, பாராசூட்டை அவனேதான் இழுக்க வேண்டும். பத்தொன்பது இருபது வயதில் அதைச் செய்யச் சொல்லிவிட்டு, பட்டம் வாங்கி டெக்சாஸுக்கு விமானப் பயிற்சிக்குப் போன பிறகு வார இறுதியில் குதிக்க வேண்டுமென்றால் கமாண்டரிடம் போய்ப் படிவம் கொடு என்கிறார்கள். முரண்பாடு என்று தோன்றும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆபத்து அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, தங்களுக்குத் தெரியாமல் நடக்கிற ஆபத்துதான் பிரச்சினை.

எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் தலைவலி. விண்வெளி வீரர் கார்டன் கூப்பர் 1968-இல் டேடோனா 24 மணி நேரக் கார் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தார், நாசா வேண்டாம் என்று இழுத்துப் பிடித்தது, அவருக்குக் கோபமான கோபம். கார் பந்தயம், சரி, புரிகிறது. 2011 ஜனவரியில் இன்னொரு விண்வெளி வீரர் டிம் கோப்ரா மிதிவண்டியிலிருந்து விழுந்தார். வெறும் சைக்கிள்! டிஸ்கவரி விண்ணோடம் கிளம்பச் சுமார் ஆறு வாரம் இருக்கும்போது அவர் இடத்தில் ஸ்டீவ் போவனை ஏற்றினார்கள். சைக்கிளையும் பட்டியலில் சேர்ப்பதா? அப்படிச் சேர்த்தால் மாடிப்படியையும் சேர்க்க வேண்டியதுதான்.

தடை நீள நீள இன்னொன்று வளரும், மறைக்கிற பழக்கம். விமான மருத்துவரின் அறைக்குள் நுழைகிற விமானிக்கு அங்கே லாபம் என்று எதுவும் இல்லை, பறக்கிற உரிமையோடு உள்ளே போகிறான், அதே உரிமையோடு வெளியே வந்தால் பெரிய விஷயம். ஆகவே ஞாயிறு இரவு மணிக்கட்டு வீங்கியவன் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு, திங்கள் காலை கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பான், அதுவும் செய்யக்கூடாததைச் செய்து அடிபட்டவன் என்றால் வாயே திறக்க மாட்டான். எனக்கு அந்தப் பைக்கைவிட இந்தக் கையுறைதான் பயம். அதனால்தான் தடையைவிட அந்தப் படிவமும் பேச்சும் மேல் என்கிறேன், முன்கூட்டியே சொன்னவனுக்கு விழுந்த பிறகு சொல்வதும் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

வகுப்பில் மாணவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், எத்தனை நாளைக்கு சார் இந்தக் கட்டுப்பாடு? அவர்களுக்கு நான் சொல்வது ஹூட் கிப்சன் கதை. கடற்படை விமானி, பிறகு விண்ணோடத் தலைவர், வீட்டில் தானே கட்டிய குட்டி விமானத்தில் பந்தயம் ஓட்டுகிறவர். ஒரு பயணத்துக்குப் பெயர் குறிக்கப்பட்ட குழு ஆபத்தான பொழுதுபோக்கில் இறங்கக்கூடாது என்று நாசாவில் விதி, அவர் பெயரும் குறிக்கப்பட்டிருந்தது, அப்படியும் 1990 ஜூலையில் டெக்சாஸில் ஒரு பந்தயத்தில் பறந்தார். நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதல், அந்த விமானி இறந்துபோனார், கிப்சன் எப்படியோ தரையிறங்கினார். தலைமைப் பொறுப்பைப் பிடுங்கினார்கள், பயிற்சி ஜெட் ஓட்டவும் ஒரு வருடம் தடை. அவர் இழந்த பயணம் 1992 ஜூலை கடைசியில்தான் கிளம்பியது, வேறொருவர் தலைமையில். ஆறே வாரம் கழித்து, செப்டம்பரில், அடுத்த பயணத்தின் தலைவராக கிப்சன் மேலே போனார், முதல் கறுப்பினப் பெண்ணாக மே ஜெமிசன் விண்வெளிக்குப் போன அதே பயணம். நாசாவை விட்டு வந்த பிறகு பந்தயத்தை அவர் விடவில்லை. 2015-இல், 68 வயதில், ரீனோ விமானப் பந்தயத்தின் மிக வேகமான பிரிவில் முதலிடம் அவருக்குத்தான்.