உபுண்டுவில் பேக்கேஜ் தேடுவது எப்படி? தமிழ் பேக்கேஜ் ஏன் சிக்குவதில்லை?

வணக்கம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து பேசுறேன். பழைய லேப்டாப்புல உபுண்டு போட்டாச்சு, தமிழ்ப்பள்ளிப் பாடத்தாள ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்தணும், அதுக்கு என்ன பேக்கேஜ், அதாவது இன்ஸ்டால் பண்ற மென்பொருள் தொகுப்பு, இருக்கு? அதைத்தான் இப்ப தேடப் போறோம். டெர்மினலைத் திறந்துக்குங்க.

முதல்ல சூடோ ஆப்ட் அப்டேட். ஆப்ட்ங்கறது உபுண்டுவுல பேக்கேஜ் தேடி இன்ஸ்டால் பண்ற கமாண்ட், சூடோன்னா அதை அட்மின் உரிமையோட ஓட்டுறது. இதைத் தாண்டிப் போகாதீங்க. ஆப்ட் சர்ச் இன்டர்நெட்டுல போய்த் தேடுறதில்ல. உங்க மெஷின்ல ஏற்கெனவே இறங்கிக் கிடக்குற பட்டியலத்தான் புரட்டுது. பட்டியல் பழசுன்னா தேடும்போது பேர் வரும், இன்ஸ்டால் பண்ணப் போனா 404, அதாவது ஃபைல் இல்லைங்கற எர்ரர், வரும். அந்த வெர்ஷனை சர்வர்லேர்ந்து எப்பவோ எடுத்திருப்பாங்க.

இப்ப ஆப்ட் சர்ச், டபுள் டேஷ் நேம்ஸ் ஒன்லி, அப்புறம் டி ஏ எம் ஐ எல். பாருங்க, நமக்கு வேண்டிய டெஸரெக்ட், அதாவது ஸ்கேன் படத்தை எழுத்தா மாத்துற மென்பொருள், வரல. பேக்கேஜ் இல்லாம இல்ல. பேர்ல மொழிக் குறியீடுதான் இருக்கு: டெஸரெக்டுக்குக் கடைசியில டி ஏ எம், லோஹித் எழுத்துருவுக்கு டி ஏ எம் எல், லிப்ரே ஆபிசுக்கு வெறும் டி ஏ. ஆளுக்கொரு வழக்கம், என்ன பண்றது! டெஸரெக்டுல மலாய்க்கு எம் எஸ் ஏ.

அதனால நேம்ஸ் ஒன்லியை எடுத்துடுங்க. அப்ப விளக்க வரியிலயும் தேடும், டெஸரெக்ட் வந்துடும். ரொம்ப வந்தா கூட இன்னொரு சொல் சேருங்க. ரெண்டும் இருக்குறது மட்டும் நிக்கும். ஆப்ட் கேஷ் சர்ச்னு அடிச்சா பேக்கேஜுக்கு ஒரே வரி, வரி வரியா வடிகட்டுற கிரெப் கமாண்டுக்கு அனுப்ப அதுதான் வசதி.

ஒரு பொறி இருக்கு. தேடுற சொல்லை ஆப்ட் ரெகெக்ஸா, அதாவது பிளஸ் மாதிரி குறிகளுக்குத் தனி அர்த்தம் உள்ள தேடல் வடிவமா, எடுத்துக்கும். ஜி பிளஸ் பிளஸ்னு அப்படியே அடிச்சா, ஜி எழுத்து உள்ள எல்லாம் திரையில கொட்டும். ஒவ்வொரு பிளஸ்ஸுக்கும் முன்னால பேக்ஸ்லாஷ் போட்டு, மொத்தத்தையும் ஒத்தை மேற்கோளுக்குள்ள வைங்க.

பேர் கிடைச்சதும் ஆப்ட் பாலிசி. கேண்டிடேட் வரியில இருக்குற வெர்ஷன்தான் இறங்கும். எந்த சர்வர்லேர்ந்துன்னும் அங்கயே தெரியும். மலேசியாவுக்கு அமைச்ச மெஷின்ல பெரும்பாலும் எம் ஒய் டாட் ஆர்க்கைவ்னு ஆரம்பிக்கும். டெஸரெக்ட், சமூகம் பராமரிக்குற யூனிவர்ஸ்ங்கற பிரிவுல இருக்கு. அது அணைஞ்சிருந்தா எப்படித் தேடினாலும் வராது. சூடோ ஆட் ஆப்ட் ரெப்போசிட்டரி யூனிவர்ஸ்னு அடிச்சு முடுக்கிக்குங்க. ரெண்டு மொழிப் பேக்கேஜும் இன்ஸ்டால் ஆனதும் டெஸரெக்ட் கமாண்டுல ஹைஃபன் எல் போட்டு டேம் பிளஸ் எம் எஸ் ஏன்னு கொடுத்தா ரெண்டு மொழியும் கலந்த தாளையும் படிக்கும்.

சிலநேரம் பேக்கேஜ் பேர் தெரியாது, எர்ரர்ல ஒரு ஃபைல் பேர்தான் இருக்கும், லிப் ஜிஎல் டாட் எஸ்ஓ டாட் 1 மாதிரி. ஆப்ட் சர்ச் இங்க உதவாது. டிபிகேஜி ஹைஃபன் பெரிய எஸ்ஸும் ஏற்கெனவே இன்ஸ்டால் ஆனதைத்தான் சொல்லும். ஆப்ட் ஃபைல்னு தனி பேக்கேஜ் இருக்கு, போட்டுக்குங்க. அதோட பட்டியல் வேற, அதனால சூடோ ஆப்ட் ஃபைல் அப்டேட் கொடுத்துட்டு அப்புறம் ஆப்ட் ஃபைல் சர்ச்னு போட்டு அந்த ஃபைல் பேரைத் தேடுங்க. லிப் ஜிஎல் 1னு பதில் வரும், அதை இன்ஸ்டால் பண்ணிடுங்க.