கோவைப் பட்டறைகள்: புது மெஷின் வாங்குவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையம், கணபதி, சின்னவேடம்பட்டி என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் லேத் ஓடுகிற சத்தம் காதில் விழும். ஒரு பம்ப் செட்டின் உடல் ஏதோ ஒரு பவுண்டரியில் வார்ப்பாகும், இன்னொரு பட்டறையில் கடைசல் முடியும், மூன்றாவது இடத்தில் வைண்டிங் கட்டி, நான்காவது இடத்தில் பூட்டி, பெயின்ட் அடித்து வெளியே போகும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தாலும் எல்லோருக்கும் தாமதம்தான். அந்தக் கண்ணிகளாக இருக்கிற சிறு, நடுத்தரப் பட்டறைகளை நவீனப்படுத்துவது பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்தத் தொழில் இங்கே வேர்விட்டதற்குக் காரணங்கள் உண்டு. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் தொடங்கியது. 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் வரிசையாக எழுந்தன, அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கப் பட்டறைகள் பெருகின. மழை குறைந்த கொங்கு மண்ணில் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போக, பம்புக்குத் தேவையும் கூடிக்கொண்டே போனது. 1937இல் கோவைத் தொழில் முன்னோடிகளான ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். பழுது பார்க்கக் கற்றவர்கள் செய்யவும் கற்றுக்கொண்ட ஊர் இது. அதனால் திறமையெல்லாம் மேஸ்திரியின் கையில் இருந்தது. இன்றைக்கும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நம் பலமும் அதுதான், சிக்கலும் அதுதான். மேஸ்திரி ஒரு நாள் லீவு போட்டால் வேலை நிற்கிறது அல்லவா?

நவீனப்படுத்துவது என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது புதிதாக ஒரு வி.எம்.சி., அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மெஷின், வாங்குவதுதான். வாங்குங்கள், தவறில்லை. அதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மெஷின் விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 7 வருடத்தில் பணத்தை எடுக்க வேண்டும் என்றால் வருடத்துக்குச் சுமார் 4 லட்சத்து 29 ஆயிரம். சராசரி நிலுவை 15 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி ஒன்றரை லட்சம். மொத்தம் 5 லட்சத்து 79 ஆயிரம் வைத்துக்கொள்ளலாம். வருடம் 300 நாள், இரண்டு ஷிப்ட், ஷிப்டுக்கு 8 மணி நேரம் என்றால் 4,800 மணி நேரம். அதில் முக்கால்வாசி நேரம், அதாவது 3,600 மணி நேரம், டூல் உண்மையிலேயே இரும்பை வெட்டினால் மெஷின் செலவு மட்டும் மணிக்கு 161 ரூபாய். வெட்டுவது 40 சதவீத நேரம்தான் என்றால் அதே மெஷின் மணிக்கு 301 ரூபாய். இதன் மேல் கரன்ட், டூல், சம்பளம், வாடகை எல்லாம் ஏற வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரர் 161இல் கணக்குப் போட்டு ரேட் சொல்ல, நீங்கள் 301ஐ வைத்துக்கொண்டு அதே ரேட்டுக்கு வேலை எடுத்தால், ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் கூடும்.

ஆக, வெட்டாத நேரம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. இதற்கு சாப்ட்வேர் தேவையில்லை. மெஷின் பக்கத்தில் ஒரு அட்டை, அதில் மணிக்கு ஒரு வரி: எத்தனை பீஸ் வந்தது, நின்றிருந்தால் எதற்காக நின்றது. காரணங்கள் ஆறு இருந்தால் போதும்: செட்டிங், டூல் மாற்றம், மெட்டீரியல் வரவில்லை, இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காத்திருப்பு, கரன்ட் இல்லை, ரிப்பேர். இருபது காரணம் அச்சடித்துக் கொடுத்தால் ஆப்பரேட்டர் எல்லாவற்றையும் 'மற்றவை'யில் போட்டுவிடுவார். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். அந்த அட்டையைக் காட்டி ஆளைத் திட்டினால் மறுநாளிலிருந்து அதில் பொய்தான் இருக்கும். பொய் எழுதிய அட்டையைவிட வெறும் அட்டையே மேல்.

பலவகை ஜாப் எடுக்கிற பட்டறையில் இரண்டு வாரம் இப்படி எழுதினால், பெரும்பாலும் செட்டிங்தான், அதாவது அடுத்த ஜாப்புக்கு மெஷினைத் தயார் செய்வதுதான், முதலில் நிற்கும். வைஸைக் கழற்றி, பீஸைப் பிடிக்கிற வேறு ஃபிக்சர் வைத்து, டயல் கேஜ் போட்டு நேர் பார்த்து, டூலை ஒவ்வொன்றாகத் தொட்டு அதன் நீள அளவை (ஆஃப்செட்) எடுத்து, முதல் பீஸை ஓட்டி, அதை அளக்க ஆள் வரும்வரை நின்று, இப்படியே ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. இதைக் குறைக்கும் வழி எளிது. மெஷின் நிற்காமலே செய்யக்கூடியதை முதலில் வெளியே எடுங்கள்: அடுத்த ஜாப்பின் டூல்களைத் தேடி எடுப்பது, ஹோல்டரில் பூட்டுவது, நீளம் அளப்பது, கேஜைத் துடைத்து வைப்பது. இதையெல்லாம் முந்தைய ஜாப் ஓடும்போதே முடித்துவிடலாம். அடுத்து, டேபிள் மேல் ஒரு சப் பிளேட்டை நிரந்தரமாகப் பூட்டி, அதில் இடத்தைக் காட்டும் இரண்டு லொகேட்டிங் பின் குத்துங்கள். எல்லா ஃபிக்சரின் அடியிலும் அதே இடைவெளியில் இரண்டு துளை போட்டுவிட்டால், ஃபிக்சரை உட்கார வைத்ததும் ஜீரோ தானாக வந்து நிற்கும். டயல் எடுத்துத் தட்டித் தட்டி நேராக்கும் வேலை போய்விடும். பின்னில் ஒன்று உருண்டையாகவும் மற்றது இருபக்கம் சீவியதாகவும் இருக்கட்டும். இரண்டும் உருண்டை என்றால் துளை இடைவெளியில் நூலளவு வித்தியாசம் வந்தாலே ஃபிக்சர் மாட்டிக்கொள்ளும்.

இனி அளவுக்கு வருவோம். ரிஜெக்‌ஷனில் பெரிய பங்கு இங்கேதான். 6205 பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர். அது உட்காரும் ஹவுசிங் போருக்கு, அதாவது கூட்டின் துளைக்கு, டிராயிங்கில் எச்7 என்ற அளவு வரம்பு இருந்தால், அளவு 52.000க்கும் 52.030க்கும் நடுவில் இருக்க வேண்டும், மொத்த இடம் 30 மைக்ரான். மெஷினிலிருந்து வெளியே வந்த வார்ப்பு தொட்டால் சுடும், 45 டிகிரி இருக்கும். அப்போதே போர் கேஜ் போட்டு 52.004 என்று பார்த்து, சரி என்று டிரேயில் போடுகிறார்கள். ராத்திரியில் அது 30 டிகிரிக்கு ஆறுகிறது. 52 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு 15 டிகிரி ஆறினால் ஏறத்தாழ 8 மைக்ரான் சுருங்கும். காலையில் அந்தப் போர் 51.996. பூட்டும் இடத்தில் பேரிங்கைப் பிரஸ்ஸில் அழுத்தித் திணிக்கிறார்கள். பேரிங்கின் உள்ளிடைவெளி குறைந்து, கொஞ்ச நாளில் கொதித்து, சத்தம் போட்டு, வாரண்டியில் திரும்பி வருகிறது. பேரிங் கம்பெனியைக் குறை சொல்லுவார்கள். தவறு நடந்தது டிரேயில் போட்ட அந்த நிமிடத்தில். பீஸை ஆறவிட்டு அளக்க வேண்டும், அல்லது மெஷின் ஓரத்தில் அளப்பதற்கு 8 மைக்ரான் தள்ளி ஒரு தனி எல்லை எழுதி ஒட்ட வேண்டும். துளைக்குள் விட்டுப் பார்க்கிற பிளக் கேஜ் என்றால், உள்ளே போக வேண்டிய கோ பக்கம்தான் முதலில் தேயும், ஒவ்வொரு பீஸிலும் உள்ளே போய்வருவது அதுதானே. தேய்ந்த கேஜ் சின்னப் போரையும் பாஸ் பண்ணும். கேஜை மாதக்கணக்கில் சும்மா வைக்காமல், பீஸ் எண்ணிக்கை பார்த்து அளவுதிருத்தத்துக்கு அனுப்புங்கள். அதற்கும் பம்ப் சோதனைக்கும் கோவையிலேயே சிட்டார்க் என்ற சோதனை மையம் இருக்கிறது.

பவுண்டரிக்காரர்கள் என்ன செய்யலாம்? கோக் எரிக்கும் குபோலா உலையை விட்டு, மின்சாரத்தில் ஓடும் இன்டக்‌ஷன் ஃபர்னஸுக்கு மாறியவர்கள் கரன்ட் பில்லைப் பார்த்து அயர்ந்து போகிறார்கள். நல்லபடி ஓடும் ஃபர்னஸில் ஒரு டன் இரும்பு உருக 550 முதல் 650 யூனிட் வரை ஆகும். 750, 800 என்று போனால் காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் நான்கு இடங்கள்: மூடி திறந்தே கிடப்பது, மணல் ஒட்டிய ரன்னர் துண்டுகளையும் துருப்பிடித்த ஸ்கிராப்பையும் அப்படியே போடுவது (அவை கசடாகி வெப்பத்தைத் தின்னும்), இரும்பை ஊற்றும் லேடிலைச் சூடாக்காமல் விட்டு, அந்த இழப்பை ஈடுகட்ட இரும்பை அதிகமாகச் சூடேற்றுவது, மோல்டு, அதாவது மணல் அச்சு, தயாராகும் முன்பே உருக்கிவிட்டுக் காத்திருப்பது. நான்கில் ஒன்றுக்காவது புது ஃபர்னஸ் வேண்டுமா?

மணல் விஷயத்தில் இன்னும் நுணுக்கம் உண்டு. காலையில் வார்த்த பெட்டிகள் நன்றாக இருக்கும், மதியத்துக்கு மேல் ரிஜெக்‌ஷன் கூடும். ஆட்களின் களைப்பு என்று சொல்லி விட்டுவிடுவார்கள். கையிருப்பு மணல் குறைவான இடத்தில் அதே மணல் வேகவேகமாகச் சுற்றி வருகிறது, ஆறுவதற்கு நேரமில்லை. சூடான மணல், அதைக் கலக்கும் மில்லரிலிருந்து மோல்டுக்குப் போவதற்குள் ஈரத்தை இழக்கும். பிறகு குளிர்ந்த பேட்டர்னில் (மணலில் வடிவம் பதிக்கும் மாதிரியில்) ஆவி படிந்து ஒட்டும், ஓரம் உதிரும். இதைச் சரிசெய்ய ஆப்பரேட்டர் கையளவில் தண்ணீரைக் கூட்டுவார், அது வார்ப்பில் ஊசித் துளைகளாக, அதாவது பின்ஹோலாக, போய் முடியும். மோல்டு போடும் இடத்திலேயே 50 கிராம் மணல் எடுத்து, 105 டிகிரியில் எடை இனி மாறவில்லை என்கிற வரை உலர்த்தி எடை போட்டுப் பாருங்கள். 48.2 கிராம் வந்தால் ஈரம் 3.6 சதவீதம். பச்சை மணலுக்கு (களிமண்ணும் ஈரமும் சேர்த்த வார்ப்பு மணலுக்கு) 3 முதல் 4 வரை பொதுவாகப் பொருந்தும். மணிக்கு ஒருமுறை இதை எழுதி, ரிஜெக்‌ஷன் எண்ணிக்கையை எதிரே எழுதினால் ஒரு வாரத்தில் விஷயம் தெரிந்துவிடும். தீர்வு மணல் கையிருப்பைக் கூட்டுவது, அல்லது திரும்பி வரும் மணலைப் பரப்பி ஆறவிடுவது.

கம்ப்ரஸரைப் பற்றி ஒரு வார்த்தை. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் மூன்றரை கிலோவாட் போல வீணாகும். வேலை முடிந்து எல்லா மெஷினும் நின்ற பிறகு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, காற்றை அழுத்தும் லோடில் எவ்வளவு நேரம், சும்மா ஓடும் அன்லோடில் எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஒன்றரை நிமிடம் லோடு, ஆறு நிமிடம் அன்லோடு என்றால் ஐந்தில் ஒரு பங்கு காற்று யாருக்கும் பயனில்லாமல் போகிறது. சோப்புத் தண்ணீரும் பிரஷும் இருந்தால் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடலாம். அதேபோல், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் வைத்த மெஷின்கள் கூடிய பிறகு பேனலில் கெப்பாசிட்டர் உப்பி வெடிக்கிறது என்றால், புதுக் கெப்பாசிட்டர் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஹார்மோனிக்ஸை, அதாவது கரன்ட் அலையில் கலந்த கோளாறை, அளந்து பார்த்து, அதிலிருந்து கெப்பாசிட்டரைக் காக்கும் 7 சதவீத டீட்யூன்டு ரியாக்டர் தேவையா என்று எலக்ட்ரிக்கல் ஆளிடம் கேளுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் பணம் வெளியே மாட்டிக்கொண்டால் மெஷின் தவணை கட்ட முடியாது. 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்குபவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது, ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியில். குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்த வருடத்தில்தான் வாங்குபவர் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி வருமான வரியில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் இருக்கிறது. ஆனால் கெடு எண்ணப்படுவது சரக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து. குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் டெலிவரி ஆன நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். அதனால் உதயம் பதிவை (எம்.எஸ்.எம்.இ. நிறுவனம் என்ற அரசுப் பதிவை) சரக்கு அனுப்புவதற்கு முன்பே முடித்து, அந்த எண்ணை இன்வாய்ஸில் அச்சடியுங்கள். டெலிவரி சலானில் வாங்கியவரின் சீல், கையெழுத்து, தேதி மூன்றும் இருக்கிறதா என்று வண்டி அந்தக் கேட்டைத் தாண்டி வெளியே வருவதற்கு முன் டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வணக்கம்.