அழுத பிள்ளையிடம் சான்றிதழ் கேட்காதீர்கள்
(வட கரோலினாவில் நடந்த படைவீரர் தினக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கும் தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் நுரையீரல் நோயைப் பற்றிக் குழந்தைக்கும் புரியும்படி பேசி அமர்ந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த அரங்கைத் திறந்துவிட்ட நூலக நிர்வாகி அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு ஒலிபெருக்கி கட்டிய இளைஞர்களே, முன்வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் வியட்நாம் காலத்து வீரர்களே, அவர்கள் காதோரம் என் தமிழை ஆங்கிலமாக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளே. யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும், மனதில் எல்லோரும் இருக்கிறீர்கள்.

மூன்று விஷயம் பேசுவதாகத் தலைவரிடம் ஒப்புக்கொண்டேன். வீரர்கள் குடித்த தண்ணீர், சுவாசித்த புகை, அவர்கள் பிள்ளைகளுக்கு வருகிற குறைபாடுகள். ஆனால் எனக்குத் தெரிந்தது காகிதம்தான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக, உடம்பு முடியாத முன்னாள் வீரர்கள் வீட்டுக்குப் போய், அவர்களுடைய பழைய தாள்களைத் தேடி அடுக்கிக் கொடுக்கிற வேலையைச் செய்கிறேன். அதனால் எங்கே ஆரம்பித்தாலும் காகிதத்தில்தான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ராணுவத்துக்குப் போன பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே அழாதே என்பதுதான். இருமல் வந்தால் மருத்துவக் கூடாரத்துக்குப் போகமாட்டான், கூட இருப்பவன் சிரிப்பான் என்று. இருபது வருஷம் கழித்து மூச்சு வாங்கும்போது, முன்னாள் வீரர் நலத் துறையில் இழப்பீடு கேட்டுப் போய் நின்றால், அன்றைக்கு நீ இருமியதற்குப் பதிவு எங்கே என்று கேட்கிறார்கள். அழுததற்குச் சான்றிதழ் கேட்கிற தாயை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை. எல்மோ ஜும்வால்ட் என்று ஒரு அட்மிரல். 1968-இல் வியட்நாமில் அமெரிக்கக் கடற்படைப் பிரிவுகளுக்குத் தலைவர். மீகாங் டெல்டாவில் குறுகலான ஆறுகள், இரண்டு கரையிலும் புதர் மண்டிக் கிடக்கும். சின்ன ரோந்துப் படகில் பையன்கள் போவார்கள், கரையில் ஒளிந்திருப்பவன் கைக்கெட்டும் தூரத்திலிருந்து சுடுவான், சுடுபவன் முகம்கூடத் தெரியாது. தினமும் சாவுச் செய்தி. அந்த மனிதர் என்ன செய்வார், கரையோர மரம் செடியெல்லாம் உதிரும்படி மருந்து தெளிக்கச் சொன்னார். பீப்பாயில் ஆரஞ்சு நிறப் பட்டை போட்டிருக்கும், அதனால் ஏஜென்ட் ஆரஞ்சு என்று பெயர். அதற்குள் டையாக்சின் என்ற நஞ்சு இருந்தது. இலை உதிர்ந்தது, கரை வெட்டவெளியானது, படகில் சாவு குறைந்தது. அதே ஆறுகளில் ஒரு படகுக்குத் தலைவனாக இருந்தவன் யார் தெரியுமா? அவருடைய மூத்த மகன். அவனுக்கும் எல்மோ என்றுதான் பெயர். போரிலிருந்து ஒரு கீறல் இல்லாமல் திரும்பி, வக்கீலாகி, கல்யாணம் செய்து பிள்ளை பெற்றான். 1983-இல் நிணநீர்ப் புற்று என்று தெரிந்தது. 1988-இல் போய்விட்டான், வயது 42. பேரனுக்கும் பிறவியிலேயே குறைபாடு. அப்பா மகனைக் காப்பாற்றத்தான் தெளிக்கச் சொன்னார், அந்த உத்தரவு பல உயிரைக் காத்தது என்றே கடைசிவரை சொன்னார். ஆனால் மகனைக் கொன்றது அந்த மருந்துதான் என்றும் அவரே நம்பினார். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படித் தூங்கியிருப்பார்?

அவர் அழுதுவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. ஆராய்ச்சித் தாள்களையெல்லாம் எடுத்து வைத்துப் படித்து, 1990-இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அந்த மருந்தால் நோயுற்ற வீரர்களுக்கு இழப்பீடு கிடைக்க வழி செய்யும் ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம் அடுத்த வருஷம் வந்தது. தெளிப்பு நின்றது 1971-இல், சட்டம் வந்தது 1991-இல். நடுவே இருபது வருஷம் எத்தனை பேர் அழுதிருப்பார்கள், பால் வந்ததா? அந்த மருந்து நனைந்த மண்ணிலேயே இன்றும் குடியிருக்கிற வியட்நாம் குடும்பங்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அழவே கூடாது என்று வாயைக் கட்டியதும் உண்டு. அணுகுண்டுச் சோதனை நடந்த இடத்தில் நிற்கவைக்கப்பட்ட வீரர்களிடம் ரகசியக் காப்பு உறுதிமொழி வாங்கினார்கள். 1996-இல்தான் அதை நீக்கினார்கள், அதுவரை தன் டாக்டரிடம்கூட எங்கே இருந்தேன் என்று சொல்ல முடியவில்லை. போதாக்குறைக்கு 1973-இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 1.6 கோடிக்கும் மேற்பட்ட ராணுவக் கோப்புகள் சாம்பலாயின.

தண்ணீர் விஷயம் நம் மாநிலத்திலேயே நடந்தது. கேம்ப் லெஜூன் ராணுவ முகாமில் 1953 முதல் 1987 வரை குடிநீரில், பிசுக்கு நீக்கப் பயன்படும் கரைப்பான் ரசாயனங்களும் பெட்ரோலில் இருக்கிற பென்சீனும் கலந்திருந்தன. 1982-லேயே சோதனையில் தெரிந்துவிட்டது, கெட்டுப்போன கிணறுகளில் பெரும்பாலானவற்றை மூட 1985 ஆயிற்று. இதைத் தனிக் கூட்டமாகவே போட வேண்டும்.

புகைக்கு வருகிறேன். நம் சங்கத்துத் தம்பி ஒருவன் 2006-இல் ஈராக்கில் பாலாட் தளத்தில் லாரி ஓட்டினான். அங்கே பெரிய எரிகுழி. பிளாஸ்டிக், பேட்டரி, பெயின்ட், மருத்துவமனைக் கழிவு எல்லாவற்றையும் கொட்டி விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவார்கள். வந்த பிறகு அவனுக்கு ஆஸ்துமா. இழப்பீடு கேட்ட விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது, பணிக்காலத்தில் மூச்சுக் கோளாறு பதிவாகவில்லை என்று. ஒருநாள் அவன் அம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். மகன் அனுப்பிய மின்னஞ்சலையெல்லாம் அச்செடுத்து, மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். ரப்பர் இற்றுப்போய்த் தாளோடு ஒட்டிக் கிடந்தது. பிரித்துப் படித்தால் ஒரு வரி: "அம்மா, துவைத்துப் போட்ட சட்டையில் கருப்புப் பொடி படிகிறது, சளி துப்பினால் அதுவும் கருப்பாகத்தான் இருக்கிறது." மேலே தேதி. அந்தத் தாளோடு, கூட லாரி ஓட்டிய இரண்டு பேரின் வாக்குமூலத்தையும் சேர்த்து அனுப்பினோம். மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டார்கள்.

2022-இல் வந்த பேக்ட் சட்டத்தால் இப்போது அவனைப் போன்றவர்களுக்கு அந்தப் பாடு இல்லை. செனட்டில் அது தடைபட்டபோது வீரர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே ராத்திரி பகலாகக் கிடந்தார்கள், அப்புறம்தான் நிறைவேறியது. குறிப்பிட்ட இடத்தில் பணி செய்து, பட்டியலில் உள்ள 20-க்கும் மேற்பட்ட நோய்களில் ஒன்று வந்திருந்தால், பணியால் வந்ததென்றே எடுத்துக்கொள்வார்கள். சரி, பட்டியலில் இல்லாத நோய் வந்தவன்? அவனுக்கு இன்னும் காகிதம்தான் கதி. எல்லாத் தாய்க்கும் பிஸ்கட் டின் இருக்காது.

அதனால்தான் கேட்கிறேன். எங்கே இருந்தான், எதைக் குடித்தான், எந்தப் புகையில் நின்றான் என்று எழுதிய தாள் ஒன்று, ராணுவத்தை விட்டு வெளியே வரும் ஒவ்வொருவர் கையிலும், அவர் கேட்காமலே இருக்க வேண்டும். நம் காங்கிரஸ் உறுப்பினருக்கு அனுப்பும் கடிதம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. பிள்ளைகள் விஷயத்துக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முன்வரிசைப் பெரியவர்கள் இறங்கிப் போகக் கொஞ்சம் வழிவிடுங்கள், இரண்டு பேர் ஆக்சிஜன் உருளையோடு வந்திருக்கிறார்கள். வணக்கம்.